கைதட்டச் சொன்னவன்

பதினோரு வருடம் என் வேலை
கைதட்டச் சொல்வது.
கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறி
உள்ளங்கையை உயர்த்தினால் நூற்றிருபது பேர் தட்டுவார்கள்.
மடக்கினால் நிறுத்துவார்கள்.
சம்பளம் மடக்குவதற்குத்தான்;
தட்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டர்பனில் வாரநாட்களில்
காலை பதினொன்றுக்குச் சக்கரம் சுற்றும்.
பார்ப்பதாக ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.
ஆனால் அந்த நேரம் சாட்ஸ்வொர்த்தில்
துணி காயும் சந்து வழியே நடந்தால்
ஒரே கேள்வி இருபது ஜன்னலில் கேட்கும்,
பதில் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.
இரவு ஷிப்ட் முடித்த நர்ஸ்,
முதுகுவலி என்று லீவு போட்ட கிரேன் டிரைவர்,
பல் டாக்டரின் வாசலறையில்
தாடையைப் பிடித்தபடி மூன்று பேர்.
வீங்கிய வாயோடு "பி! பி!" என்று கத்துவார்கள்.

ஜெயபாக்யம் மூட்லி
வாஷிங் மெஷின் ஜெயித்தாள்.
பேவியூ ஃபிளாட்டின் மாடிப்படி வளைவில் அது நுழையவில்லை.
மூன்று வாரம் தார்ப்பாய் போர்த்திக் கீழேயே நின்றது.
யாரோ ஒயர் இழுத்தார்கள், யாரோ குழாய் கொண்டுவந்தார்கள்,
பதினெட்டு வீட்டு அழுக்கும் அதில் சுற்றியது.
கரண்ட் பில் மட்டும் அவள் பேரில் வந்தது.
"இதுக்குத் தோத்திருக்கலாம்" என்றாள்,
சிரித்துக்கொண்டுதான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
ஸ்டூலை உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இப்போது ஷாப்பிங் சென்டரில் கார் காவல்.
பின்னால் வரும் வண்டிகளுக்கு
அதே கையை உயர்த்துகிறேன், மடக்குகிறேன்.
ஐந்து ரேண்ட். சில நாள் வெறும் தலையசைப்பு.

போன மாதம் போன்.
நொம்புமெலெலோ என்று ஒரு பெண்.
"அங்கிள், பகல் ஷோ திரும்ப வரலாம்.
வரும்னு சொல்லலை. வரலாம்."
வியாழக்கிழமை யூனிட் ஐந்து ஹாலில் ஆள் தேர்வு,
வரிசையைப் பார்த்துக்கொள்ள முந்நூறு ரேண்ட்.

வியாழக்கிழமை அதே ஹாலில்
வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் பதிவும் இருந்தது.
யாரும் காலண்டர் பார்த்திருக்கவில்லை.
கேட்டுக்கு வெளியே இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்டன.
எல்லோர் கையிலும் அடையாள அட்டையின் நகல்,
எல்லோர் காலிலும் நல்ல செருப்பு.
எப்படிப் பிரிப்பது?
"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன்.
"முன்னால நிக்கிறவர் எதுக்கோ அதுக்கு."

தனபாலன் படையாச்சி, ஐம்பத்து மூன்று,
துணி ஆலையில் வெட்டுப் பிரிவு, ஆலை மூடி ஆறு வருடம்:
இதையெல்லாம் அவர் தவறான மேஜையில் சொன்னார்.
அந்தப் பையன் நிமிராமலே
"உலகிலேயே ஆழமான ஏரி?" என்றான்.
உதவித்தொகைக்கு இதுவும் தெரிய வேண்டுமோ என்று
ஒரு கணம் முகம் வெளுத்து,
"பைக்கால்" என்றார்.
கைதட்டல்.
நான் கையை உயர்த்தவே இல்லை.

நொம்புமெலெலோவிடம் சொன்னேன்:
"கண்டிப்பா வரும். பகல் பதினொன்றுக்கு வீட்டில் இருக்கிறவங்க
அப்போதைவிட இப்போ அதிகம். வெளியே பாருங்க."
அவள் பார்த்தாள்.
"பார்க்க ஆள் இருக்கு அங்கிள்.
சோப்புக் கம்பெனி கேட்கிறது, வாங்க ஆள்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவளும் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ஒன்றரைக்கு மின்வெட்டு.
பதிவு செய்யும் கம்ப்யூட்டரும் தேர்வு செய்யும் கேமராவும்
ஒன்றாய்க் கண் மூடின.
யாரும் நகரவில்லை; இடம் போய்விடும்.
வெயில், பசி, கூரையில் ஹடேடா பறவையின் கத்தல்.
"சும்மாதானே நிக்கிறோம், அடுத்த கேள்வியைச் சொல்லுங்க"
என்றார் படையாச்சி.

பையன் விட்டுப்போன தாளை எடுத்தேன்.
"ஆப்பிரிக்காவில் கடல் இல்லாத நாடுகள் எத்தனை?"
தாளில் கேள்வி மட்டுமே இருந்தது.
விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள்,
இந்த வரிசை, அந்த வரிசை என்றில்லாமல்.
லெசோத்தோவை இரண்டு தடவை எண்ணியதாக ஒரு சண்டை.
மலாவியில் இருப்பது ஏரி, கடல் இல்லை என்று ஒரு கத்தல்.
மூன்றரைக்கு விளக்கு வந்தபோது
சாட் வரை வந்திருந்தோம்.